வாசகர் கேள்வி – பதில்: எந்த வண்டி முதலில் மாற வேண்டும்?

மின்வாகனங்களைப் பற்றி இம்முறை வந்த கடிதங்கள் மிகுதியாக இருந்ததால், மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இப்பகுதி முழுவதையும் அவற்றுக்கே தந்திருக்கிறோம். ஒரே பொருளைக் கேட்டிருந்த கடிதங்களை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். பதில்களில் வரும் கணக்குகள் தோராயமானவை. தாளும் பேனாவும் இருந்தால் எவரும் வீட்டிலேயே போட்டுப் பார்க்கலாம்.

தச்சநல்லூர் வாசகர்: ஐயா, பெட்ரோல் வண்டி நம் தெருவில் புகைக்கிறது. மின்வண்டிக்கான மின்சாரமோ தூத்துக்குடி அனல்மின் நிலையத்தில் நிலக்கரியை எரித்து வருகிறது. புகையை நெல்லையிலிருந்து தூத்துக்குடிக்கு இடம் மாற்றிவிட்டு, அதற்கு வளங்குன்றா வளர்ச்சி என்று பெயர் சூட்டுவது சரிதானா?

தங்கள் கேள்வியில் பாதி உண்மை இருக்கிறது. இந்தியாவில் உற்பத்தியாகும் மின்சாரத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு இன்றும் நிலக்கரியிலிருந்தே கிடைக்கிறது. மத்திய மின்சார ஆணையத்தின் கணக்குப்படி, ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சராசரியாக 0.7 கிலோவுக்குச் சற்றுக் கூடுதலான கரியமில வாயு வெளியாகிறது. ஒரு மின் ஸ்கூட்டர், சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்து, நூறு கிலோமீட்டருக்கு மூன்றரை யூனிட் எடுத்துக்கொள்ளும் என்று வைத்துக்கொண்டால், கிலோமீட்டருக்கு 25 கிராம் ஆகிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு உண்டாகும்; லிட்டருக்கு 45 கிலோமீட்டர் தரும் ஸ்கூட்டர் கிலோமீட்டருக்கு 50 கிராம் விடுகிறது. நிலக்கரியைத் தோண்டுவதையும் கச்சா எண்ணெயைச் சுத்திகரிப்பதையும் இரண்டு பக்கத்திலும் விட்டுவிட்டுப் பார்த்தாலும், நிலக்கரி மிகுந்த இன்றைய மின்சாரத்திலேயே பாதி குறைந்துவிடுகிறது.

இன்னொன்றையும் நம் வட்டாரத்தார் மறக்கக் கூடாது. நாட்டின் தொடக்கக் காலக் காற்றாலைப் பண்ணைகளில் ஒன்று 1986இல் தூத்துக்குடியை அடுத்த முள்ளக்காட்டில்தான் அமைக்கப்பட்டது. இன்று ஆரல்வாய்மொழிக் கணவாயிலிருந்து பணகுடி, வள்ளியூர், இராதாபுரம் வரையிலும், வடக்கே கயத்தாற்றிலும் காற்றாலைகள் வரிசையாக நிற்கின்றன. வைகாசி பிறந்து புரட்டாசி முடிவதற்குள் தமிழ்நாட்டின் காற்றாலைகள் 5,000 மெகாவாட்டைத் தாண்டித் தரும் வேளைகள் உண்டு. கூடங்குளத்தில் தலா 1,000 மெகாவாட் திறனுள்ள இரண்டு அணு உலைகள் இயங்குகின்றன. பாபநாசத்தின் நீர்மின் நிலையம் 1944இலிருந்து இருக்கிறது. இவையெல்லாம் நம் கண்ணெதிரே இருப்பதால், ‘என் வண்டி காற்றில் ஓடுகிறது’ என்று சொல்லிக்கொள்ள ஆசை வரும், அது சரியில்லை. தாமிரபரணியில் கலந்த பிறகு இது மணிமுத்தாற்று நீர், இது சிற்றாற்று நீர் என்று யாரும் பிரித்துக் குடிக்க முடியாததுபோல, மின்கட்டமைப்பில் கலந்துவிட்ட மின்சாரத்தையும் பிரிக்க முடியாது. நாம் பார்க்க வேண்டியது, அந்தக் கலவையில் காற்றும் வெயிலும் ஆண்டுக்கு ஆண்டு கூடுகின்றனவா என்பதை மட்டுமே. கூடுகின்றன. இன்று வாங்கிய மின்வண்டி அதனால் ஐந்தாண்டுக்குப் பிறகு இன்னும் குறைவான கரியை விடும். இன்று வாங்கிய பெட்ரோல் வண்டி, பழையதாக ஆக, கூடுதலாகவே விடும்.

புகை இடம் மாறுவதைப் பற்றி: தெருவில் ஓடும் வண்டியின் புகை மூக்கின் உயரத்திலேயே வெளிவருகிறது. நெல்லையப்பர் கோயிலைச் சுற்றியுள்ள இரத வீதிகளைப் போல இருபுறமும் கடைகள் அடைத்து நிற்கும் தெருக்களில் அது கலைந்து போகவும் வழியில்லை. உயரமான புகைபோக்கியின் வழியே வெளியேறுவதை நாம் அப்படியே மூச்சில் இழுப்பதில்லை. ஒரே இடத்தில் வெளிவருவதால் அதை வடிகட்டவும் சட்டத்தால் கட்டுப்படுத்தவும் முடியும். ஆனாலும் தங்கள் மனக்குறை நியாயமானது. 2019இல் தொடங்கிய தேசியத் தூய காற்றுத் திட்டத்தின் பட்டியலில் தூத்துக்குடி இடம்பெற்றிருக்கிறது, நெல்லை இல்லை. நம் வண்டிகளுக்காக அவர்கள் கூடுதலாகச் சாம்பலைச் சுமக்க நேர்ந்தால், இரண்டு ஊருக்கும் சேர்த்து அதை வளர்ச்சி என்று எழுத என் பேனா ஓடாது. மின்வாகனக் கொள்கையையும் அனல்மின் நிலையக் கட்டுப்பாட்டையும் வெவ்வேறு துறைகளின் வேலையாக நினைப்பதுதான் இதில் உள்ள பெரிய பிழை.

மகாராஜ நகர் வாசகர்: வீட்டில் ஒரு பெட்ரோல் கார் இருக்கிறது. சுற்றுச்சூழலுக்கு நம்மால் ஆனதைச் செய்வோம் என்று மின்சாரக் கார் ஒன்றும் வாங்க நினைக்கிறேன். நாளொன்றுக்குப் பத்து கிலோமீட்டருக்கு மேல் ஓட்ட வாய்ப்பில்லை. தங்கள் கருத்து?

சுற்றுச்சூழலுக்காக என்றால் வேண்டாம்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். மின்காரின் பேட்டரியைச் செய்வதிலேயே கணிசமான கரியமில வாயு வெளியாகிவிடுகிறது. ஒரு யூனிட் கொள்ளளவுக்கு 50 முதல் 100 கிலோ வரை என்பது பொதுவாக எடுத்துக்கொள்ளப்படும் கணக்கு. 30 யூனிட் பேட்டரி என்றால் ஒன்றரை முதல் மூன்று டன். அந்தக் கடனை ஓடித்தான் தீர்க்க வேண்டும். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தரும் பெட்ரோல் காரைவிட மின்கார், இன்றைய மின்சாரத்தில், கிலோமீட்டருக்கு 50 கிராம் அளவுக்குக் குறைவாக விடுகிறது. எனவே கடன் தீர 30,000 முதல் 60,000 கிலோமீட்டர் ஓட வேண்டும். நாள்தோறும் பத்து கிலோமீட்டர் ஓடும் தங்கள் கார் ஆண்டுக்கு 3,650 கிலோமீட்டர்தான் ஓடும். குறைந்த கணக்கை எடுத்தாலும் எட்டாண்டு ஆகும். அதற்குள் பேட்டரியின் உத்தரவாதக் காலமே முடிந்துவிடலாம். இருக்கிற காரை நன்றாகப் பராமரித்து ஓட்டுங்கள். அது ஆயுள் முடிந்து போகும்போது, அதற்குப் பதிலாக மின்கார் வாங்குவது வேறு விஷயம். அப்போது மகிழ்ச்சியாக வாங்கலாம்.

இதிலிருந்து கிடைக்கும் அளவுகோல்தான் கீழே வரும் பதில்கள் பலவற்றுக்கும் அடிப்படை. ஒரு வண்டி மின்சாரத்துக்கு மாறுவதால் ஊருக்குக் கிடைக்கும் நன்மை, அதன் விலையையோ பளபளப்பையோ பொறுத்ததன்று. அது ஒரு நாளில் எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது, எத்தனை பேரை ஏற்றுகிறது என்பதைப் பொறுத்தது. வீட்டு வாசலில் நிற்கிற கார் கடைசியாக மாறினால் போதும். ஆட்டோ, டவுன் பஸ், சரக்கு ஏற்றும் சிறுவண்டி, சாப்பாடும் பார்சலும் கொண்டுதரும் பையன்களின் ஸ்கூட்டர், குப்பை வாங்க வரும் வண்டி ஆகியவை முதலில் மாற வேண்டும்.

வண்ணார்பேட்டை ஆட்டோ ஓட்டுநர்: அண்ணாச்சி, ஸ்டாண்டில் இரண்டு பேர் பேட்டரி ஆட்டோவுக்கு மாறிவிட்டார்கள். ‘லாபம்’ என்கிறார் ஒருவர், ‘தவணை கட்டியே தீர்ந்தது’ என்கிறார் மற்றவர். நான் மாறலாமா?

இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன். ஒருவர் ஓடும் தூரமும் மற்றவர் ஓடும் தூரமும் வேறாக இருக்கும்.

தாங்கள் நாளொன்றுக்கு 80 கிலோமீட்டர் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். பெட்ரோல் ஆட்டோவில் லிட்டருக்கு 25 கிலோமீட்டர் என்றால் மூன்று லிட்டருக்கு மேல். லிட்டர் நூறு ரூபாயைத் தாண்டி நிற்கிற காலத்தில் 320 ரூபாயாவது ஆகும். மின் ஆட்டோ அதே தூரத்துக்கு ஆறு யூனிட் எடுக்கும். வீட்டில் சார்ஜ் செய்தால், யூனிட்டுக்குப் பத்து ரூபாய் என்று கணக்கிட்டாலும் 60 ரூபாயைத் தாண்டாது. நாளுக்கு 250 ரூபாய்க்குக் குறையாமல் மிச்சமாகிறது. மாதம் 25 நாள் ஓடினால் 6,000 ரூபாய்க்கு மேல். ஆயில் மாற்றும் செலவும் கிளட்ச் செலவும் இல்லை. இந்தத் தொகை, பெட்ரோல் ஆட்டோவுக்குக் கட்டுவதைவிட மின் ஆட்டோவுக்குக் கூடுதலாகக் கட்ட வேண்டிய தவணையைக் காட்டிலும் அதிகமாக இருந்தால் மாறலாம். நாளுக்கு 40 கிலோமீட்டர்தான் சவாரி கிடைக்கிறது என்றால் மிச்சமும் பாதியாகிவிடும். அப்போது ‘தவணை கட்டியே தீர்ந்தது’ என்றவர் பக்கம் தாங்களும் சேர்ந்துவிடுவீர்கள்.

நிறுவனத்தார் சொல்லும் ‘ஒரு சார்ஜில் இத்தனை கிலோமீட்டர்’ என்பதில் முக்கால் பங்கையே நம்புங்கள். மூன்று பேரையும் பைகளையும் ஏற்றிக்கொண்டு ஈரடுக்கு மேம்பாலம் ஏறும்போது ஆகும் செலவு சோதனைக் கூடத்தில் ஆவதில்லை. கத்திரி வெயிலில் ஓடிவந்த வண்டியை உடனே சார்ஜில் போடாமல், நிழலில் நிறுத்தி, சூடு தணிந்த பிறகு போடுங்கள். பேட்டரியின் ஆயுளைக் குறைப்பதில் வெயிலுக்குப் பெரும் பங்கு உண்டு. வாங்கும்போது பேட்டரியின் உத்தரவாதம் எத்தனை ஆண்டு, எத்தனை கிலோமீட்டர், கொள்ளளவு எத்தனை விழுக்காட்டுக்குக் கீழே போனால் மாற்றித் தருவார்கள் என்ற மூன்றையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மின் ஆட்டோவுக்குப் பெர்மிட் வேண்டாம் என்று மத்திய அரசு 2018இலேயே விலக்கு அளித்துவிட்டது, எஃப்.சி., காப்பீடு, ஓட்டுநர் உரிமம் எல்லாம் வழக்கம்போல் வேண்டும்.

ஊரின் கணக்கிலும் இது நல்ல மாற்றம். ஆட்டோவின் சிறிய பேட்டரி உண்டாக்கிய கடன், தாங்கள் ஓடும் ஓட்டத்துக்கு ஓராண்டுக்குள்ளேயே பெரும்பாலும் தீர்ந்துவிடும். நாடு முழுவதும் 2024-25இல் விற்பனையான மூன்று சக்கர வண்டிகளில் பாதிக்கு மேல் மின்சாரத்தில் ஓடுபவை. இருசக்கர வண்டிகளில் நூற்றுக்கு ஆறுதான். கார்களில் அதனினும் குறைவு. கணக்குத் தெரிந்தவர்கள் முதலில் மாறியிருக்கிறார்கள்.

பாளையங்கோட்டை வாசகர்: ஓசையே இல்லாமல் பின்னால் வந்து நிற்கிறது. முதியவர்களுக்கு ஆபத்தல்லவா?

மெதுவாக வரும்போது ஆபத்துதான். சற்று வேகம் எடுத்தால் டயரின் ஓசையே எச்சரித்துவிடும். மெதுவேகத்தில் செயற்கையாக ஓசை எழுப்பும் கருவி பெரிய வண்டிகளில் வந்துகொண்டிருக்கிறது. அதைவிட அவசரமானது, நடப்பதற்கு நடைபாதை. அது இருந்தால் முதியவர்கள் வண்டியின் வழியில் நடக்க வேண்டியதே இராது.

பேட்டை வாசகி: எங்கள் வீட்டில் வண்டியே இல்லை. மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்த பிறகு, நான் வேலைக்குப் போவதும் மகளைக் கல்லூரியில் விடுவதும் டவுன் பஸ்ஸில்தான். மின்வாகனத்தைப் பற்றி இவ்வளவு பேசுகிறார்களே, இதில் எனக்கு என்ன இருக்கிறது?

இம்மாதக் கடிதங்களில் என்னை அதிகம் சிந்திக்க வைத்த கேள்வி இது. பதில் சற்று நீளும்.

நகரத்துப் பஸ் டீசலில் ஓடுகிறது. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ 2.7 கிலோ கரியமில வாயு. பஸ் லிட்டருக்கு ஐந்து கிலோமீட்டர் ஓடினால், கிலோமீட்டருக்கு 540 கிராம். கேட்பதற்குப் பயங்கரமாக இருக்கும். ஆனால் அந்தப் பஸ்ஸில் 45 பேர் இருந்தால் ஆளுக்கு 12 கிராம்தான். மேலே தச்சநல்லூர் வாசகருக்குச் சொன்ன மின் ஸ்கூட்டரில் தனியாகப் போகிறவருக்கு 25 கிராம். பெட்ரோல் ஸ்கூட்டரில் 50. பெட்ரோல் காரில் தனியாகப் போகிறவருக்கு 150, மின்காரில் 100. நிறைந்து ஓடும் பழைய டீசல் பஸ், தனி ஆளைச் சுமந்து செல்லும் புத்தம் புதிய மின்வண்டி எதையும்விடக் குறைவாகக் கரி விடுகிறது. மின்வண்டிக்குக் கிடைக்கும் சலுகையோ மானியமோ விளம்பரமோ இல்லாமல், இந்த ஊரின் காற்றுக்குத் தாங்கள் ஏற்கெனவே செய்துவருவது, பச்சை எண்பலகை மாட்டிய வண்டிக்காரர்கள் செய்வதைவிட அதிகம். 2021 மே மாதம் தொடங்கிய கட்டணமில்லாப் பயணத்தை மகளிர் நலத் திட்டமாக மட்டுமே பேசுகிறார்கள். பஸ்ஸை நிரப்பியதால் அது போக்குவரத்துத் திட்டமாகவும் சுற்றுச்சூழல் திட்டமாகவும் ஆகியிருக்கிறது என்பதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

அப்படியானால் பஸ்ஸை மின்சாரத்துக்கு மாற்ற வேண்டுமா? வேண்டும், ஆனால் எதற்காக என்பதில் தெளிவு வேண்டும். குளிரூட்டிய பெரிய மின்பஸ் கிலோமீட்டருக்கு ஒரு யூனிட்டுக்கு மேல் எடுத்துக்கொள்ளும். இன்றைய நிலக்கரி மின்சாரத்தில் அது 700 கிராமைத் தாண்டுகிறது, அதாவது டீசல் பஸ்ஸைவிடச் சற்றுக் கூடவே. மின்பஸ் வந்தவுடன் கரியமில வாயு குறைந்துவிடும் என்று மேடையில் பேசுகிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை. காற்றாலையும் சூரிய மின்சாரமும் கூடக் கூட அந்த 700 குறைந்துகொண்டே வரும். டீசலின் 540 அப்படியே நிற்கும். எனவே பருவநிலைக்கான ஆதாயம் வரும் ஆண்டுகளில் கிடைப்பது. உடனே கிடைக்கும் ஆதாயம் நுரையீரலுக்கு. டீசல் புகையின் கரித்துகள், காலை எட்டரை மணிக்குப் பாளையங்கோட்டையின் பள்ளிக்கூட நிறுத்தங்களில் பை சுமந்து நிற்கும் பிள்ளைகளின் முகத்துக்கு நேராக வருகிறது; அது முதல் நாளிலிருந்தே நின்றுவிடும். சென்னையில் 2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடிப் பணிமனையிலிருந்து 120 மின்பஸ்கள் ஓடத் தொடங்கின. சந்திப்பு, வண்ணார்பேட்டை, முருகன்குறிச்சி, சமாதானபுரம் என்று நின்று நின்று போகும் நம் வழித்தடங்கள் மின்பஸ்ஸுக்கு மிகவும் ஏற்றவை. பிரேக் பிடிக்கும்போதெல்லாம் மோட்டார் மின்சாரத்தைத் திருப்பி எடுத்துக்கொள்கிறது. டீசல் பஸ்ஸில் அந்த ஆற்றல் முழுவதும் சூடாகி வீணாகிறது.

ஆனால் ஒரு மின்பஸ்ஸின் விலைக்கு டீசல் பஸ் ஒன்றுக்கு மேல் வாங்கலாம். புதிய பஸ்கள் மின்சாரத்தில் வருகின்றன என்பதற்காக, மொத்தப் பஸ்களின் எண்ணிக்கை குறைந்து, தாங்கள் நிறுத்தத்தில் கால் மணி நேரம் கூடுதலாக நிற்க நேர்ந்தால், அடுத்த மாதமே தங்கள் வீட்டில் தவணையில் ஒரு ஸ்கூட்டர் வந்து நிற்கும். அன்று ஊருக்கு நட்டம்தான். சுவாமி நெல்லையப்பர் நெடுஞ்சாலையின் நெரிசலில் மாட்டிக்கொண்ட கார் எதில் ஓடினாலும் அதே இடத்தைத்தான் அடைக்கும். டயர் தேய்ந்து எழும் தூசியும், சாலையில் படிந்து கிளம்பும் மண்ணும் மின்காரிலும் உண்டு, எடை கூடுதல் என்பதால் டயர்த் தூசி சற்று மிகுதியாகவே இருக்கும். ஆகவே தாங்கள் கேட்க வேண்டியது மின்பஸ்; அதற்கும் முன்னால் கேட்க வேண்டியது, இப்போது இருப்பதைவிடக் கூடுதலான பஸ்.

திருநெல்வேலி டவுன் வாசகர்: வளவில் குடியிருக்கிறோம். ஆறு குடும்பங்களுக்கும் வாசல் ஒன்று, வண்டி நிறுத்துவது பொது முற்றத்தில். சார்ஜ் செய்ய வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை. எங்களைப் போன்றவர்களுக்கு மின்வண்டி ஆகாதா?

ஆகும், கழற்றி எடுக்கும் பேட்டரியுள்ள ஸ்கூட்டராக இருந்தால். பத்துக் கிலோ அளவில் இருக்கும் பேட்டரியை உள்ளே தூக்கிக்கொண்டு போய், தங்கள் பகுதிக்குரிய மீட்டரிலிருந்தே சார்ஜ் செய்யலாம். படுக்கும் இடத்திலோ வெளியேறும் வழியிலோ வைத்துச் சார்ஜ் செய்யாதீர்கள். எர்த் சரியாக உள்ள 15 ஆம்பியர் பவர் பிளக் வேண்டும்; பழைய வீடுகளில் எர்த் பெயருக்கு மட்டும் இருக்கும், எலெக்ட்ரீஷியனை அழைத்து ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

வீட்டுக்காரரின் அச்சத்துக்கும் காரணம் இருக்கிறது. நம் மாநிலத்தில் இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுகளுக்கு மட்டும் கட்டணம் கூடுவதில்லை. கீழ் அடுக்கில் கிடைத்துவந்த சலுகை விலையும் போய்விடுகிறது. ஒரே மீட்டரில் பல குடும்பங்கள் இருந்தால் இது உறுத்தும். நாளுக்கு 30 கிலோமீட்டர் ஓடும் ஸ்கூட்டர் இரண்டு மாதத்துக்கு 63 யூனிட்தான் எடுக்கும். அதைக் காகிதத்தில் எழுதிக் காட்டி, துணை மீட்டர் ஒன்றைத் தங்கள் செலவில் மாட்டிக்கொள்வதாகச் சொன்னால் பெரும்பாலானவர்கள் இணங்கிவிடுவார்கள். மாலை ஆறு மணி முதல் பத்து மணி வரை மின்மாற்றிக்குச் சுமை மிகுந்த நேரம். அதைத் தவிர்த்து இரவு பத்துக்குப் பிறகு போடுங்கள்.

மின்வாகனக் கொள்கைகள் பலவும் சொந்த வீடும் சொந்தப் போர்ட்டிகோவும் உள்ளவரை மனத்தில் வைத்தே எழுதப்படுகின்றன என்பது என் எண்ணம். டவுனிலும் மேலப்பாளையத்திலும் வாடகைக்குக் குடியிருக்கும் குடும்பங்களுக்குத் தெருவோரச் சார்ஜிங் இல்லாவிட்டால், மலிவான பயணம் வசதியுள்ளவர்களுக்கு மட்டுமே கிடைக்கும். விலை உயரும் பெட்ரோல் மற்றவர்களின் தலையில் விடியும். வாகன நிறுத்துமிடங்களிலும் சந்தைகளிலும் பகலில் சார்ஜ் செய்யும் வசதியை மாநகராட்சி செய்து கொடுத்தால், சூரிய மின்சாரம் மிகுந்திருக்கும் நேரத்தில் வண்டிகளும் நிறையும்.

சிந்துபூந்துறை வாசகர்: 2023 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் தெருவில் வண்டிகள் மூழ்கின. அப்படி மறுபடி நடந்தால் மின்வண்டி என்ன ஆகும்?

மழையில் ஓட்டுவதற்கும், தேங்கிய நீரைக் கடப்பதற்கும் அஞ்ச வேண்டாம். பேட்டரிப் பெட்டியின் மேல் ஐ.பி. 67 என்று போட்டிருந்தால், ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் இருந்தாலும் நீர் புகாது என்று பொருள். அந்த டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி கரை புரண்டபோது நீர் மணிக்கணக்காக நின்றது; அதற்கு இந்த உத்தரவாதம் செல்லாது. எனவே வெள்ள எச்சரிக்கை வந்தவுடன் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு வண்டியை மேட்டுக்குக் கொண்டுபோங்கள். கழற்றும் பேட்டரி என்றால் அதை மட்டுமாவது மாடிக்கு எடுத்துச் செல்லுங்கள். மூழ்கி எழுந்த வண்டியை இயக்கிப் பார்க்கவும் கூடாது, சார்ஜில் போடவும் கூடாது. உள்ளே புகுந்த சேற்று நீர் சில நாள் கழித்தும் தீயை உண்டாக்கக்கூடும். வீட்டை விட்டுத் தள்ளித் திறந்த வெளியில் நிறுத்திவிட்டு, நிறுவனத்தின் பணியாளரை அழையுங்கள். காப்பீடு எடுக்கும்போது வெள்ளச் சேதத்தில் பேட்டரிக்கும் ஈடு உண்டா என்று கேட்டு எடுங்கள்.

மேலப்பாளையம் மெக்கானிக்: முப்பதாண்டாக டூவீலர் வேலை. எல்லாரும் பேட்டரிக்கு மாறினால் எங்கள் பிழைப்பு?

குறையும், இல்லை என்று ஆறுதல் சொல்ல மனம் வரவில்லை. ஆயில், பிளக், கார்புரேட்டர், கிளட்ச் பிளேட் என்று மாதந்தோறும் வந்த வேலைகள் மின்வண்டியில் கிடையா. பிரேக், டயர், பேரிங், ஷாக் அப்சார்பர், ஒயரிங் வேலைகள் இருக்கும். ஆனால் ஓடுகிற வண்டிகளில் பெரும்பான்மை இன்னும் பல ஆண்டுகளுக்குப் பெட்ரோல்தான் என்பதால், கற்றுக்கொள்ள நேரம் இருக்கிறது. அரசு ஐ.டி.ஐ.களில் மின்வாகன மெக்கானிக் பிரிவு வந்துவிட்டது. தங்கள் பட்டறையில் உள்ள இளைஞரை அனுப்புங்கள். ஸ்கூட்டரின் மின்னழுத்தம் பெரும்பாலும் 48 முதல் 72 வோல்ட். காரில் 300க்கு மேல், அதைப் பயிற்சியில்லாமல் தொடவே கூடாது.

உண்மையான தடை வேறு. கோளாறைக் கண்டுபிடிக்கும் மென்பொருளை நிறுவனங்கள் தங்கள் ஷோரூமுக்குள்ளேயே பூட்டி வைத்திருக்கின்றன. பழுதுபார்க்கும் உரிமைக்காக மத்திய அரசு 2022 டிசம்பரில் ஓர் இணையவாசலைத் தொடங்கியது. அந்த உரிமை தெருவோரப் பட்டறை வரை வந்து சேர்ந்தால்தான் இந்த மாற்றத்தில் தங்களுக்கும் பங்கு கிடைக்கும். மெக்கானிக் சங்கங்கள் ஆட்சியரிடம் மனுக் கொடுக்கும்போது மானியத்தைக் கேட்பதோடு இதையும் கேட்க வேண்டும்.

கல்லூரி மாணவர், பாளையங்கோட்டை: தூத்துக்குடியில் வின்ஃபாஸ்ட் கார்த் தொழிற்சாலை, கங்கைகொண்டானில் டாடா பவர் சூரியத் தகடுத் தொழிற்சாலை. இனி நம் வட்டாரம் பசுமை வட்டாரமா?

வேலைவாய்ப்பில் பெரிய வரவு. வின்ஃபாஸ்ட் ஆலை 2025 ஆகஸ்டு 4 அன்று திறக்கப்பட்டது. தொடக்கத்தில் ஆண்டுக்கு 50,000 கார்கள் செய்யும் திறன் கொண்டது. ஆனால் கார் செய்யப்படும் ஊரும் காற்று தூய்மையாகும் ஊரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. நீங்கள் வேலையைப் பார்த்துப் படியுங்கள். பசுமையை டவுன் பஸ்ஸின் எண்ணிக்கையில் பாருங்கள்.

அம்பாசமுத்திரம் வாசகர்: இந்தப் பேட்டரிகள் எல்லாம் தீர்ந்துபோனால் எங்கே போகும்? கடைசியில் ஆற்றங்கரைக்குத்தானே?

போகக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, விற்ற பேட்டரியைத் திரும்பச் சேகரித்து மறுசுழற்சி செய்யும் பொறுப்பு அதைத் தயாரித்து விற்றவரைச் சேர்ந்தது. அதைப் புதைப்பதும் எரிப்பதும் தடை செய்யப்பட்டிருக்கின்றன. வண்டிக்கு ஆகாமல் போன லித்தியம் பேட்டரியிலும் பெரும்பாலும் எழுபது, எண்பது விழுக்காடு கொள்ளளவு மிஞ்சியிருக்கும் என்பதால், அது கடைகளிலும் வீடுகளிலும் இன்வெர்ட்டருக்குப் பயன்பட முடியும்.

என் கவலை இரண்டு இடங்களில் இருக்கிறது. வெப்பத்தைத் தாங்குவதால் நம் ஊருக்கு ஏற்றதென்று நான் பரிந்துரைக்கும் எல்.எஃப்.பி. (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகைப் பேட்டரியில் கோபால்ட்டும் நிக்கலும் கிடையா. விலையுள்ள உலோகம் குறைவு என்பதால் மறுசுழற்சி செய்கிறவருக்கு அதில் ஆர்வமும் குறைவு. மற்றொன்று, பதிவும் உரிமமும் தேவைப்படாத மெதுவேக ஸ்கூட்டர்களிலும் சில மின்ரிக்‌ஷாக்களிலும் உள்ள ஈய அமில பேட்டரி. அது இரண்டு மூன்று ஆண்டில் தீர்ந்துவிடும். பழைய இரும்புக் கடையில் நல்ல விலைக்குப் போய், எங்கோ ஒரு கொட்டகையில் உடைக்கப்பட்டு, அமிலம் வாய்க்காலில் விடப்படும். ஈயம் மண்ணில் இறங்கினால் போகாது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கக்கூடியது. தாமிரபரணியின் நீர் தூத்துக்குடி வரை குடிநீராகப் போகிறது என்பதையும் சேர்த்து நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஆகவே பேட்டரி தீர்ந்தால் இரும்புக் கடைக்குப் போடாதீர்கள்; வீட்டுக்கு வரும் குப்பை வண்டியிலும் போடாதீர்கள், அழுந்தி நசுங்கிய லித்தியம் செல் ஒன்றே குப்பைக் கிடங்கில் தீ மூளப் போதும். வாங்கிய ஷோரூமிலேயே திருப்பிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ரசீது கேளுங்கள். வாங்கும் நாளிலேயே, பழைய பேட்டரியைத் திரும்ப எடுத்துக்கொள்வீர்களா, அதற்கு என்ன தருவீர்கள் என்று கேட்டு, அந்தப் பதிலை வண்டியின் பில்லிலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.